ஒலுவில் துறையில் ஒரு பாய்க்கப்பல்

(பழைய மாணவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர்)

விழா மலருக்குக் கட்டுரை கேட்டெழுதிய சங்கச் செயலாளர், "இலக்கியமாகவே இருக்கட்டும்" என்று கடித இறுதியில் ஒரு வரி சேர்த்திருந்தார். தமிழாசிரியனிடம் வேறு எதனைத்தான் எதிர்பார்ப்பார்? ஆயினும் இம்முறை யான் எழுத எண்ணியது பட்டினப்பாலையில் வரும் நாவாயைப் பற்றியன்று. ஒலுவில் துறையிலே இன்று இல்லாத ஒரு பாய்க்கப்பலைப் பற்றியே எழுதுகின்றேன். அக்கப்பல் வருதல் வேண்டும் என்பது என் கருத்து. எவ்வாறு வருதல் வேண்டும் என்பதிலேதான் நண்பர் சிலரோடு எனக்கு வழக்கு.

அவ்வழக்கு தொடங்கிய வரலாற்றை முதலிற் கூறிவிடுகின்றேன். சென்ற சித்திரை விடுமுறையில், என்னோடு ஒரே வகுப்பிற் பயின்று பின்னர் இலண்டனிற் குடியேறிய அன்பர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் வந்திருந்தார். கல்லூரி விடுதியிலே எனக்கு அடுத்த கட்டிலில் உறங்கியவர். கணக்கில் அவர் எனக்கு உதவ, தமிழில் யான் அவருக்கு உதவ, இருவரும் ஒருவாறு கரையேறினோம். அவர் முந்திய ஆண்டு இந்தோனேசியாவிலே லபுவான் பாஜோ என்னும் துறையிலிருந்து கொமோடோத் தீவுகளைச் சுற்றி ஏழு நாள் மரக்கலத்திற் சென்று வந்தாராம். கைப்பேசியிலே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். இரண்டு பாய்மரமும் ஏழு பாயும் விரித்து, மாலை வெயிலிலே பொன் பூசினாற்போல நின்றது அக்கலம். மாலுமிகள் கயிறு இழுக்கின்றனர். சமையற்காரர் மீன் சுடுகின்றார். பயணிகள் சாய்நாற்காலியிலே கிடந்து தீவுகளைப் பார்க்கின்றனர்.

அக்கலத்தைப் பினிசி என்பர். தெற்குச் சுலாவெசியின் கடற்கரைத் தச்சர்கள் வரைபடம் ஏதுமின்றிக் கடற்கரை மணலிலேயே அதனைக் கட்டுகின்றனர். மேனாட்டார் முதலில் விலா வைத்துப் பின்னர்ப் பலகை அறைவர். இவர்களோ முதலிற் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி உடலை ஆக்கிக்கொண்டு, அதற்கேற்ப விலாவை உள்ளே அமைப்பர். 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அத்தொழிலை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஒருகாலத்தில் அரிசியும் மரமும் ஏற்றித் திரிந்த கலம் இன்று குளிரூட்டிய அறைகளோடு உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிகின்றது. பெரும்பாலானவற்றில் இயந்திரமே தொழில் செய்கின்றது. பாய் படத்துக்கு விரிகின்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நாட்டார் கப்பலைக் 'கப்பால்' என்றே வழங்குவர்; அச்சொல் நம்மிடமிருந்து சென்றது. நம் சொல் அங்கே கடலில் ஓட, நாம் இங்கே கரையில் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், நமது கடலில் ஏன் இது இல்லை? ஒலுவிலில் ஒரு துறைமுகமே வெறிதாய்க் கிடக்கிறதாமே" என்றார் அன்பர்.

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் வீதியிலே சாய்ந்தமருது கழிந்து, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு கழிந்து, நிந்தவூரைக் கடந்தால் ஒலுவில். அதற்கு அப்பால் அட்டாளைச்சேனை. யான் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஊர். அந்நாளில் மாலை வேளைகளில் ஒலுவிற் கரைக்கு நடந்து வருவோம். அப்போது அலைத்தடுப்பு அணைகள் இல்லை. தென்னந்தோப்பும், வாடிகளும், அகன்ற மணற்பரப்பும், கரைவலைத் தோணிகளுமே இருந்தன.

துறைமுகம் அமைந்த கதையைப் பலரும் அறிவர். கிழக்கின் தமிழ் பேசும் மக்களுக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்பது காலஞ்சென்ற அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் கனவு. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்தெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. சரக்குக் கப்பல்கள் வரும், வேலை பெருகும் என்று எதிர்பார்த்திருந்தனர். வந்தது மணல். துறைவாய் அடைபட்டது, தோண்டினர், மீண்டும் அடைபட்டது. வடபுறத்திலோ கடல் கரையை அரித்து, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளையும் காணிகளையும் கொண்டுபோயிற்று. படகுகள் போக வழியின்றி மீனவர் ஒருபுறம் வருந்த, தோண்டினால் எங்கள் நிலம் போகும் என்று கரையோரத்தார் மறுபுறம் எதிர்க்க, ஓரூரவரே இரு கட்சியாயினர்.

அணையருகே வலை பொத்திக்கொண்டிருந்தார் முதியவர் ஒருவர். எழுபதைக் கடந்தவர், இளமையிலே பாய்த்தோணியில் தண்டயலாக இருந்தவர். அவருடைய பேரன் என்னிடம் தமிழ் பயின்றவன். "காக்கா, இந்த மணல் எங்கிருந்து வருகிறது?" என்று அன்பர் கேட்டார்.

"மண்ணு வாறதில்ல தம்பி, நடக்குது. தெக்கால இருந்து வடக்க நடந்துக்கிட்டே இருக்கும். நடுவுல கல்லப் போட்டா இங்கிட்டுக் குவியும், அங்கிட்டுக் குழியும். எங்களுக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல" என்றார் முதியவர்.

இவ்வளவுதான் விடயம். அலைகள் கரையிற் சாய்வாய் மோதுவதால் மணல் ஒரே திசையில் நகர்கின்றது. அந்த ஓட்டத்தை அணை மறித்தால் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் அரிப்பும் உண்டாகும். பொறியியலாளர் இதனை அறியாதவர் அல்லர். ஆயினும் நாள்தோறும் அம்மணலிற் கால் பதித்து வலை இழுத்தவனை அருகே அமர்த்தி ஒரு மாதம் பேசியிருந்தால் கணக்குச் சற்று வேறாக வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கின்றேன்.

திரும்பும் வழியிலே அன்பர் உற்சாகமாய்த் திட்டம் தீட்டினார். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் பணம் போடுவர், இந்தோனேசியாவிலிருந்து ஒரு பினிசியை வாங்கி வருவோம், ஒலுவிலில் நிறுத்துவோம், அறுகம்பைக்கு வரும் வெள்ளையர் எல்லாம் ஏறுவர். யான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "ஏழு நாள் உங்களைக் கொண்டு சென்று கொண்டுவந்த அந்தத் தண்டயலின் பெயர் என்ன?" அவர் நினைத்துப் பார்த்தார். பிள்ளைகளைக் கேட்டார். கப்பலின் பெயர் எல்லோர்க்கும் நினைவிருந்தது. சமையற்காரர் செய்த இனிப்பின் பெயரும் நினைவிருந்தது. தண்டயலின் பெயரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அன்பரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. அவர் நல்லவர், கேட்டவுடன் முகம் சிவந்து போனார். ஆயினும் கடற்சுற்றுலா என்று இன்று உலகெங்கும் நடப்பதிலே இக்குறை எங்கும் உண்டு. கேரளத்துக் கெட்டுவள்ளத்தைப் பாருங்கள். கயிற்றால் தைத்த நெல்லேற்றும் ஓடம். 1990களில் அதன்மேல் அறைகள் எழுந்தன. இன்று ஆலப்புழையிலே எண்ணற்றவை உலவுகின்றன. தச்சர்க்குத் தொழில் கிடைத்தது, உண்மை. வேம்பநாட்டுக் காயலிலே எண்ணெயும் கழிவும் மிதப்பதும் உண்மை. வள்ளத்தைக் கழியூன்றிச் செலுத்திய வித்தை எங்கே என்று கேட்டால் விடை இல்லை. வடிவம் மிஞ்சிற்று, வித்தை போயிற்று.

நம்மவர் வரலாற்றிலோ வேறொரு காட்சி உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பார் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிப் புகழ் பெற்றவர். 1930களிலே இலங்கை வந்தபோது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலைக் கண்டு காதல் கொண்டு வாங்கினார். எண்பத்தொன்பது அடி நீளக் கலம். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத்திலே மாசச்சூசெற்சு மாநிலத்து குளொஸ்டர் துறையை அது அடைந்தது. கொண்டு சென்றோர் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். பணமுள்ள ஒருவர் மரபுவழிக் கலமொன்றை ஆசைக்காக வாங்கியதுதான் அங்கும் நடந்தது. ஆனால் கட்டியவரும் ஓட்டியவரும் ஓரூரார். அவர்தம் வித்தையை நம்பியே அக்கலம் பெருங்கடலில் இறங்கிற்று. அமெரிக்கப் பத்திரிகைகள் அதனை எழுதின. வல்வெட்டித்துறையார் இன்றும் அதனைச் சொல்லி மகிழ்கின்றனர்.

நிற்க. தமிழாசிரியனாகிய எனக்கு இதிலே தனிப்பட்ட ஒரு வழக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே நெய்தற் பாடல் நடத்தும்போது நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, தோணி என்று கலங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். மாணவர் பிழையறப் படியெடுத்தனர். "படகின் முன்பக்கத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். அமைதி. கடைசி வாங்கிலே இருந்த மாணவன் ஒருவன், நான் மேலே சொன்ன முதியவரின் பேரன்தான், வாயைத் திறந்து மூடினான். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துக் கேட்டேன். "அணியம் எண்டு சொல்லுவாங்க சேர். ஆனா அது படிப்புத் தமிழ் இல்லையே எண்டு சொல்லல்ல" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அகராதியிலே உள்ள நல்ல தமிழ்ச்சொல் அது. முன்பக்கம் அணியம், அடிமரம் ஏரா, விலாக்கட்டை வங்கு. பலகை இடுக்கிலே பஞ்சடைத்துப் பிசின் பூசுவது கலப்பத்து. அது போர்த்துக்கீசர் தந்த சொல். சுக்கான் அரபு தந்தது. வடகீழ்க் காற்று வாடை, கீழ்காற்று கொண்டல், தென்காற்று சோளகம், நிலத்திலிருந்து வெம்மையோடு வீசும் மேல்காற்று கச்சான். இவை யாவும் அச்சிறுவன் வீட்டிலே நாள்தோறும் புழங்கும் சொற்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைப் படிக்க வந்த இடத்தில், வீட்டிலே உயிரோடிருக்கும் தமிழை வெட்கி மறைக்கும்படி நாம் அவனைப் பழக்கியிருக்கிறோம். நாம் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கின்றேன். அன்றுவரை அச்சொற்களை யான் கேட்டதே இல்லை.

மாலுமி என்னும் சொல்லையும் கருதுக. அது அரபு மொழியின் 'முஅல்லிம்' என்பதன் திரிபு. முஅல்லிம் என்றால் ஆசிரியர். வழி அறிந்து கலம் செலுத்துவோனை ஆசான் என்றே அக்காலத்துக் கடல்வாணர் அழைத்தனர். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற எனக்கும் பேரேட்டிலே கைந்நாட்டு வைக்கும் அம்முதியவர்க்கும் பெயர் ஒன்றே.

ஆதலின் என் கருத்து இது. ஒலுவிலுக்குக் கப்பல் வரட்டும். வெளியிலிருந்து வாங்கி வருதல் வேண்டா. இக்கரையிலே ஓடாவிமார் இன்னும் இருக்கின்றனர். பிளாஸ்டிக் நார்ப்படகுகள் வந்தபின் அவர்களுட் பலர் கதவும் நிலையும் செய்து பிழைக்கின்றனர். பாய்த்தோணி ஓட்டி அறிந்த முதியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே மிஞ்சியுள்ளனர். அவர்கள் இருக்கும்போதே நாற்பது அல்லது ஐம்பது அடியிலே, ஆழம் குறைந்த அடியுடைய ஒரு கலம் கட்டுதல் வேண்டும். பெருங்கப்பலுக்கு உதவாத துறைவாய் அத்தகைய கலத்துக்குப் போதும். பயணிகள் எண்மர், கடலோடிகள் ஐவர். கலத்திலே அவர்களுக்குப் பங்குரிமை இருத்தல் வேண்டும். கூலி மட்டும் போதாது. பொத்துவிற் களப்பிலே மீனவரே தோணி செலுத்திப் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர்; அஃது இயலும் என்பதற்குத் தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை.

"தீவு எங்கே?" என்று அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கொமோடோவைப்போல ஒலுவிலின் எதிரே தீவுக்கூட்டம் இல்லை. எதிரே இருப்பது வங்காள விரிகுடா. ஆயினும் கரையோரமாய்த் தெற்கே சென்றால் திருக்கோவில், அறுகம்பை, அவற்றுக்கப்பால் முருகன் ஓடத்தில் வந்திறங்கினான் என்று அடியார் போற்றும் உகந்தை. கதிர்காமப் பாதயாத்திரையிலே கால் நோவ நடந்து சென்ற அக்கரையைக் கடலிலிருந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? வடக்கே சென்றால் மட்டக்களப்பு முகத்துவாரம், வாகரை, திருகோணமலை, நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. பருத்தித்துறையைச் சுற்றித் திரும்பினால் நயினாதீவும் நெடுந்தீவும். கடைசிப் பயணத்துக்குப் பங்குனியும் சித்திரையுமே ஏற்ற காலம். அதன்பின் சோளகம் வலுத்துத் தீவுக்கடலைக் கலக்கிவிடும். நமது கீழ்க்கரையோ சித்திரை முதல் புரட்டாசி வரை பெரும்பாலும் அமைதியாயிருக்கும்.

காற்று எதிர்த்தால் திரும்புவது எப்படி என்ற ஐயத்துக்கும் முதியவரே விடை சொன்னார். கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காய்க் கிடக்கின்றது. விடியற்புறம் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பிற்பகலிலே கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். இரண்டும் கலத்தின் விலாப்புறத்தே வருவன. ஆகவே போகவும் உதவும், வரவும் உதவும். அதனை நம்பியே அக்காலத் தோணிகள் திருகோணமலைக்குப் போய் வந்தன. இதனை எந்த நூலிலும் யான் படித்ததில்லை. ஐந்து நிமிடத்திலே மணலில் விரலாற் கோடு கீறி அவர் விளக்கிவிட்டார்.

கடலின் கொடுமையை மறந்து எழுதுகிறான் என்று எவரும் நினைக்க வேண்டா. 1978 நவெம்பர்ச் சூறாவளியைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2004 திசெம்பர் 26ஐக் கேட்டு அறிய வேண்டியதில்லை. இக்கரையிலே ஆளிழக்காத தெரு இல்லை. அதன்பின் பல ஆண்டுகள் பிள்ளைகளைக் கடற்கரைக்கே விடாத தாய்மார் உளர். இயந்திரமும், வானொலியும், உயிர்காப்பு அங்கியும், ஐப்பசி பிறந்தால் கலத்தைக் கரையேற்றும் கட்டுப்பாடும் இன்றியமையாதவை. பழமையின் பெயரால் அவற்றைத் துறப்பது மடமை. ஆயினும் பயத்தினால் ஒரு தலைமுறை முழுவதும் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதும் நன்றன்று. சுனாமிக்குப் பின் பிறந்த பிள்ளைகளே இன்று நமது உயர்தர வகுப்பில் இருக்கின்றனர்.

பயணிகள் தரும் பணத்திலே கலம் ஓடட்டும். ஆண்டுக்கு இரண்டு பயணமேனும் மாணவர்க்கென ஒதுக்குதல் வேண்டும்: நம் கல்லூரி மாணவர் நால்வர், ஒலுவில், நிந்தவூர்ப் பாடசாலை மாணவர் நால்வர். இனக்கலவர காலத்திலே ஓரூரார் மற்றோரூர்க்குப் போக அஞ்சியிருந்ததை நாம் அறிவோம். மூன்று இரவு ஒரே தட்டிலே சோறுண்டு, ஒரே கயிற்றை இழுத்துக் காவல் விழித்திருப்போர் பிறகு ஒருவர் பெயரை மற்றவர் மறவார். கலத்திலே தமிழில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். காற்றும், நீரோட்டமும், கடலோடிகள் வாயிற் பிறக்கும் ஒவ்வொரு சொல்லும் அதிலே மாணவர் கையால் எழுதப்படுதல் வேண்டும். அக்குறிப்பேட்டைத் திருத்தித் தரும் வேலையை ஊதியமின்றி ஏற்க யான் ஆயத்தம்.

இலண்டன் அன்பருக்கு இத்திட்டம் முழுதும் உடன்பாடன்று. பங்குரிமை என்றால் கணக்கிலே சிக்கல் வரும் என்கின்றார். பினிசியின் அழகு நம் தோணிக்கு வராது என்கின்றார். கணக்கை அவரிடமே விட்டுவிட்டேன். அன்றும் அவரே பார்த்தார். அழகைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் திரும்பியபின் அவர் எழுதிய முதற் கடிதத்திலே, கப்பற் குழுமத்துக்கு எழுதித் தண்டயலின் பெயரைக் கேட்டிருப்பதாகவும் விடை இன்னும் வரவில்லை என்றும் குறித்திருந்தார்.

விழாவை ஒட்டி நடைபெறும் சங்கப் பொதுக்கூட்டத்திலே இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர விரும்புகின்றேன். அன்றைக்கு ஒலுவில் முதியவரையும் அழைக்க அனுமதி கோரிச் செயலாளருக்கு எழுதியுள்ளேன். மேடையிலே அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும். அவரிடம் முன்னரே கேட்டுவிட்டேன். பேசத் தெரியாது, வேண்டுமானால் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டம் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.